எடை குறையவில்லை என்றால் யார் மேல் தவறு?

கேள்வி: 6 ஜனவரி 2025, இரவு 9.12

சிங்கப்பூரில் ஒரு குடும்ப மருந்தகத்தில் (கிளினிக்கில்) பராமரிப்பு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. இனிப்புநீர் (நீரிழிவு), ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு எடை குறைக்க ஆலோசனை சொல்வதுதான் என் வேலையில் பாதி. ஆளுக்கொரு திட்டம் போடுங்கள், முழு மனிதரையும் பாருங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை. உள்ளே போவது குறைய வேண்டும், வெளியே செலவாவது கூட வேண்டும். எல்லா உடம்புக்கும் இதுதானே கணக்கு? ஒருவரிடம் பேசக் கிடைப்பது 15 நிமிடம். அதில் பாதிப் பேர் சாப்பிட்டதை மறைக்கிறார்கள். "தண்ணி குடிச்சாலே எடை ஏறுது" என்கிறார்கள். பொய் சொல்கிறவரை வைத்துக்கொண்டு என்ன திட்டம் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 11.05

தம்பி, நான் 22 வருடமாகத் தாதி. கடைசி 9 வருடம் நீங்கள் பார்க்கும் இதே வேலை. நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் கோபமில்லை. ஆனால் "பொய் சொல்கிறவர்" என்ற சொல்லை மட்டும் கீழே வைத்துவிடுங்கள். அது மனதில் இருந்தால் முகத்தில் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்துவிடுவார்.

எங்களிடம் ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். ஒன்றரை வருடம் ஒழுங்காக வந்தார். பிறகு நின்றுவிட்டார். அவர் கோப்பில் கடைசியாக நான் எழுதியது "ஒத்துழைப்பு போதவில்லை". அந்த இரண்டு சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அது பெரிய கதை, அப்புறம் சொல்கிறேன். நாளை காலை வேலை.

(இங்கே நான் எழுதும் ஆட்களை அடையாளம் தெரியாதபடி வயது, வேலை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

8 ஜனவரி, மாலை 6.40

15 நிமிடம் பற்றி. முதல் சந்திப்பில் நான் இப்போது ஆலோசனையே சொல்வதில்லை. ஒரே ஒரு கேள்வி: "நேத்து காலையில கண்ணு முழிச்சதிலேர்ந்து ராத்திரி படுத்தவரைக்கும் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க." சாப்பாட்டைக் கேட்பதில்லை, நாளைக் கேட்கிறேன். சாப்பாடு தானாக அதற்குள் வந்துவிடும். கூடவே யார் சமைக்கிறார்கள், யார் சாமான் வாங்குகிறார்கள், எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணி நேரத் தூக்கம், மூட்டு வலி, மனக்கவலை, கடன் எல்லாம் வரும்.

சில வீடுகளில் சமைப்பது பணிப்பெண். நாம் அம்மாவிடம் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி அனுப்புவோம். எண்ணெய்க் கரண்டி இருப்பதோ வேறொருவர் கையில். ஒரு தடவை பணிப்பெண்ணையும் அழைத்து வரச் சொன்னேன். இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண், நன்றாகச் சமைப்பார். "ஐயாவுக்கு முறுகலா இருந்தாத்தான் பிடிக்கும்" என்று மலாயில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு ஆறு மாத விடை கிடைத்தது.

கணக்கு கேட்டீர்கள் அல்லவா? நானும் கணக்குப் போடுவேன். காப்பிக்கடை தே ஒரு கோப்பை வாங்கி வந்து, அதில் அவர்கள் ஊற்றும் அளவு கெட்டிப்பாலை எங்கள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு மேசைக்கரண்டி 20 கிராம். அதில் 11 கிராம் சர்க்கரை, சுமார் 65 கலோரி. ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை குடிப்பவர் அதைப் பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' ஆக்கினால் 130 கலோரி மிச்சம். வருடத்துக்கு 47,450. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி. வகுத்தால் 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எல்லோருக்கும் இதைத்தான் தாளில் எழுதிக் காட்டுவேன்.

9 ஜனவரி, பகல் 1.20

இடுப்பளவு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சு விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆசியர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. தாண்டினால் கவனம். சேலை கட்டி வருபவரிடம் பாவாடை முடிச்சுக்கு மேலேயே நாடாவைச் சுற்றி அளந்தால் வருகிற எண் எதற்கும் உதவாது. திரை இழுத்துவிட்டு, "அளக்கலாமாம்மா?" என்று கேட்டு, அவரையே முடிச்சைத் தளர்த்தச் சொல்லுங்கள். அன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்.

13 ஜனவரி, இரவு 10.30

"மறைக்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். இதை நிதானமாகப் படியுங்கள். எனக்கு இது புரியவே பத்து வருடம் பிடித்தது.

ஒரு பாட்டி. "ராத்திரி நான் சாப்பிடுறதே இல்ல மிஸ்ஸி" என்றார். மூன்று சந்திப்பிலும் இதே பதில். கோப்பில் இரவு உணவு இல்லை என்று ஆங்கிலத்தில் பதிந்திருந்தோம். அன்றைக்கு நாளைக் கதையாகக் கேட்டபோது ஏழரை மணிக்கு வந்து நின்று, "அப்பறம் நாலு தோசை ஊத்திக்கிட்டேன், டிவி பாத்தேன்" என்று போகிற போக்கில் சொன்னார். நாலு தோசை! நான் கேட்டேன், "பாட்டி, ராத்திரி சாப்பிடலைன்னு சொன்னீங்களே?" அவர் என்னை விநோதமாகப் பார்த்து, "ஆமா, சோறு சாப்பிடல. டிஃபன்தான்" என்றார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. நம் வீடுகளில் சாப்பாடு என்றால் சோறு. தோசை, சப்பாத்தி, உப்புமா எல்லாம் டிஃபன். வடை, முறுக்கு பலகாரம், அது கணக்கிலேயே வராது. பேரன் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வதற்குப் பெயரே கிடையாது. பெயர் இல்லாததை எப்படிச் சொல்வார்? தமிழ் பேசுகிற நானே இதைத் தவறவிட்டேன் என்றால், பாட்டி சொன்னதை மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அதை ஒரு சீன டாக்டர் கேட்டுக் குறிக்கும்போது எவ்வளவு தவறிப்போகும்!

இப்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "வாயில என்ன போச்சு" என்று கேட்கிறேன். சிரித்துக்கொண்டே எல்லாம் சொல்லிவிடுகிறார்கள்.

14 ஜனவரி, காலை 8.15

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடலாமா என்று தனிமடலில் மூன்று பேர். சாப்பிடுங்கள். வருடத்தில் ஒரு நாள். அதற்கு என்னிடம் அனுமதி கேட்கும் நிலைக்கு உங்களை யாராவது கொண்டுவந்திருந்தால் அதுதான் கவலை.

17 ஜனவரி, இரவு 11.50

திருத்தம். 8-ஆம் தேதி நான் போட்ட கணக்கு தவறு. உணவியல் படித்த ஒருவர் நேற்று எழுதிச் சுட்டிக்காட்டினார். முதலில் எரிச்சல் வந்தது. உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் சரி.

7,700 கலோரிக்கு ஒரு கிலோ என்று நேர்கோடாக வகுக்க முடியாது. எடை குறையக் குறைய உடம்பு செலவையும் குறைத்துக்கொள்கிறது. கெவின் ஹால் குழுவினர் 2011-இல் 'லான்செட்' இதழில் இதை ஒழுங்காகக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வருடம். 95 சதவீதம் குறைய மூன்று வருடம். அப்படியானால் என் 130 கலோரிக்கு மொத்தம் ஐந்தரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முதல் வருடத்தில் 2.7 கிலோ. நான் தாளில் எழுதிக்கொடுத்த 6 கிலோவில் பாதிகூட இல்லை.

முதல் குறிப்பில் சொன்ன அம்மாவின் கதை இதுதான்.

அவர் 56 வயது, பள்ளி உணவகத்தில் வேலை. வந்தபோது 74 கிலோ. இந்தத் தேத்தண்ணீர்க் கணக்கை நான் எழுதிக்கொடுத்தேன். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். சொன்னபடி செய்தார். கெட்டிப்பாலை அன்றோடு விட்டார். காப்பிக்கடைக்காரரிடம் "கோசோங்" என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கடையில் எல்லோரும் அவரைக் 'கோசோங் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். ஒரு வருடம் கழித்துத் தராசில் ஏறினார். 71.2. என் தாளில் 68 என்று இருந்தது. நான் கேட்டேன்: "மீதி மூணு கிலோ எங்கம்மா? வேற எங்கயாவது போகுதா? உண்மையைச் சொன்னாத்தான் நான் உதவ முடியும்."

அவர் பதில் சொல்லவில்லை. செருப்பைக் குனிந்து மாட்டினார். மாட்ட நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தார், முன்போலப் பேசவில்லை. பிறகு வரவில்லை.

2.8 கிலோ குறைத்திருந்தார். சரியான கணக்குக்கு மேலேயே ஒரு மயிரிழை கூடுதல். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்தது நான் எழுதிக்கொடுத்த தாள்.

18 ஜனவரி, காலை 7.30

ஆறுதல் சொல்லி எழுதியவர்களுக்கு நன்றி. எனக்கு ஆறுதல் தேவையில்லை, அந்த அம்மாவுக்குத்தான் தேவை. உங்கள் மருந்தகத்தில் யாராவது இன்னும் அந்தப் பழைய வகுத்தலை எழுதிக்கொடுக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.

18 ஜனவரி, இரவு 9.00

உடம்பு செலவைக் குறைத்துக்கொள்ளும் என்றேன். எவ்வளவு என்று கேட்டார்கள். அமெரிக்காவில் எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தார்கள். 2016-இல் வெளிவந்தது, அதுவும் ஹால் குழுதான். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆனாலும் ஓய்வில் உடம்பு செலவழிப்பது, அந்த எடைக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் கழித்தும்! ஆஸ்திரேலியாவில் 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில், கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை இழந்தவர்களுக்கு ஒரு வருடம் தாண்டியும் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுதலாகவே இருந்தது.

"எடையைக் குறைச்சேன், முன்னைவிடப் பசிக்குது, முன்னைவிடக் குறைவாச் சாப்பிட்டும் ஏறுது" என்று ஒருவர் சொன்னால் அது சாக்கு இல்லை. அவர் உடம்பில் நடப்பதை அப்படியே சொல்கிறார். நீங்கள் கேலியாக எழுதிய "தண்ணி குடிச்சாலே எடை ஏறுது" என்பது, படிக்காத ஒரு மனிதர் இதைச் சொல்லும் விதம்.

23 ஜனவரி, இரவு 10.10

இன்றைக்கு மாத்திரைகள். நாம் கொடுப்பதைப் பற்றி.

வாடகை வண்டி ஓட்டும் ஒருவர். இனிப்புநீர், 12 வருடமாக. எடை வருடத்துக்கு ஒன்றரை கிலோ ஏறிக்கொண்டே இருந்தது. வண்டியில் எப்போதும் பிஸ்கட்டும் மைலோ பெட்டியும் இருக்கும் என்று மனைவி புகார். "நொறுக்குத் தீனியை நிறுத்தணும்" என்று கோப்பில் நாலு தடவை பதிவாகியிருந்தது. நாளைக் கதையாகக் கேட்டேன். "பதினொரு மணி ஆச்சுன்னா கை நடுங்கும் மிஸ்ஸி, வேர்க்கும், கண்ணு இருட்டும். பின்னால பயணி உக்காந்திருப்பாரு. பயத்துல மைலோ எடுத்துக் குடிச்சிடுவேன்." அவர் காலையில் எடுப்பது கிளிபிசைடு, சர்க்கரையைக் குறைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை. பசியாறாமலே மாத்திரையைப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கிறார். தாழ்சர்க்கரை. உயிருக்குப் பயந்து குடித்ததைத் தீனி என்று எழுதியிருக்கிறோம்.

டாக்டர் மருந்தை மாற்றினார். மைலோ தானாக நின்றது. எந்த அறிவுரையும் தேவைப்படவில்லை.

இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகையும் எடையைக் கூட்டக்கூடியவை. ஸ்டீராய்டு, மனநலத்துக்குக் கொடுக்கும் ஒலான்சபின், மிர்டாசபின், வலிப்புக்கு வால்புரோயேட் எல்லாம் அப்படியே. இவை தேவையான மருந்துகள், நாமாக நிறுத்தச் சொல்லவே கூடாது. ஆனால் பட்டியலைப் பார்த்து டாக்டரிடம் கேட்பது நம் வேலை. யாராவது வேறு இடத்தில் வாங்கும் மருந்தைச் சொல்லாமல் இருப்பார்கள், முக்கியமாக மனநல மருந்து. கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

24 ஜனவரி, பகல் 12.45

நேற்றைய குறிப்பில் விட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு. முயற்சியே செய்யாதவர் மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்து வந்தால் கைதட்டாதீர்கள். சர்க்கரை மிக ஏறியிருக்கலாம், தைராய்டு இருக்கலாம், புற்றாக இருக்கலாம். ஒருவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாராட்டினோம். ரத்த முடிவு வந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

28 ஜனவரி, இரவு 9.35

"ஒல்லியாக இருப்பவருக்கு ஏன் எடை ஆலோசனை?" என்ற கேள்விக்கு.

பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25 வரை நல்லது என்பது நமக்குப் பொருந்தாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற எல்லைகளை 2004-இல் வெளியிட்டது. சிங்கப்பூர் 2005-இல் இருந்து அதைத்தான் பின்பற்றுகிறது. 23-இல் மிதமான அபாயம் தொடங்குகிறது, 27.5-இல் அதிக அபாயம்.

அதிலும் இந்திய உடம்புக்குத் தனிக் குணம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் தங்களையே அளந்து 2004-இல் 'லான்செட்'டில் படம் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. சட்டை போட்ட பிறகு இரண்டு பேரும் ஒல்லி. ஆனால் உள்ளே ஒருவருக்குக் கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல்.

அதனால் மெலிந்த கை கால், முன்னே தள்ளிய வயிறு, தாய் தகப்பன் இருவருக்கும் இனிப்புநீர் என்று வரும் 35 வயதுக்காரரிடம் தராசை மட்டும் பார்த்து "நல்லா இருக்கீங்க" என்று அனுப்பாதீர்கள்.

2 பிப்ரவரி, பகல் 3.00

கொள்ளு. எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் அப்பத்தாக்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. கொள்ளு நல்ல பயறு, புரதமும் நாரும் உண்டு, பசி தாங்கும். ஒரு கரண்டி சோற்றுக்குப் பதில் ஒரு கரண்டி கொள்ளுச் சுண்டல் என்றால் பலன் உண்டு. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு மேலே கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு கரையாது. ஆனால் கொள்ளைக் கேட்டு வருகிறவரைச் சிரித்து அனுப்பாதீர்கள். தானாக ஒன்று செய்ய முன்வந்திருக்கிறார். "எப்பச் சாப்பிடுவீங்க, எதுக்குப் பதிலா?" என்று கேட்டு அதையே திட்டமாக்கிவிடலாம்.

9 பிப்ரவரி, இரவு 8.20

நாளை மறுநாள் தைப்பூசம். காவடி எடுப்பவர்களில் பலர் ஒரு மண்டலம் விரதம் இருக்கிறார்கள். எடை குறையும். பூசம் முடிந்த வாரமே பழைய இடத்துக்கு வரும். இதை வருடாவருடம் பார்க்கிறேன்.

முன்பு "விரதத்தால் பயனில்லை" என்று சொல்லிவிடுவேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். 48 நாள் குடியை நிறுத்தினாரே, அதிகாலை எழுந்தாரே, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலில் காவடியோடு நடந்தாரே, எது அவரைத் தாங்கியது? ஒருவர் சொன்னார்: "வீட்ல எல்லாரும் சேந்து சைவம் மிஸ்ஸி. அம்மா, பொண்டாட்டி எல்லாரும். தனியா இல்ல." அவருக்கான திட்டத்தை வீட்டோடு சேர்த்துத்தான் போட்டோம். செவ்வாய், வெள்ளி வீடே சைவம், பீர் கிடையாது. அது இன்னும் ஓடுகிறது. இதே திட்டம் தனியாக அறையெடுத்து இருக்கும் ஒருவருக்கு உதவாது.

மாத்திரை எடுப்பவர்கள் விரதம் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 23-ஆம் தேதி எழுதிய வண்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

15 பிப்ரவரி, இரவு 11.15

"இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். பாதி சரி.

கட்டுமான வேலை செய்யும் தம்பி ஒருவர், புதுக்கோட்டைப் பக்கம். 34 வயது, இனிப்புநீர் ஆரம்பம். அவர் சாப்பாட்டை அவர் தீர்மானிப்பதே இல்லை. கேட்டரிங் பொட்டலம் விடியுமுன் விடுதிக்கு வந்துவிடும். மதியத்துக்கும் சேர்த்து. பன்னிரண்டு மணிக்குத் தளத்தில் உட்கார்ந்து பிரிக்கும்போது சோறு மலையாக இருக்கும், குழம்பு கொஞ்சம், காய் இன்னும் கொஞ்சம். வெயிலுக்கு இனிப்புப் பானம் டின் டின்னாக. இவர் கையில் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தைக் கொடுத்து, பாதித் தட்டு காய்கறி பழம், கால் முழுதானியம், கால் புரதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் நல்ல படம்தான். அவரிடம் தட்டே இல்லை.

"உங்களால என்ன மாத்த முடியும்?" என்று அவரையே கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "ராத்திரி ரூம்ல சுண்டல் ஊறப்போடலாம் அக்கா. ரைஸ் குக்கர் இருக்கு. காலைல வேகவச்சு டப்பால எடுத்துட்டுப் போயிருவேன். சோத்துல பாதியத் தொடாம வைக்கலாம். டின்னுக்குப் பதிலா தண்ணி, உப்பு போட்ட எலுமிச்ச." எல்லாம் அவர் சொன்னது. நான் செய்தது ஒன்றுதான், ரத்தக்கொதிப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, உப்பைச் சிட்டிகையோடு நிறுத்தச் சொன்னேன்.

எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. மூன்று மாத சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது. இதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வந்தது. 531 பேர். உணவு, நடை இவற்றை மாற்றிய குழுவில் இனிப்புநீர் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, எடையில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லாமலேயே. நம் ஊர் உடம்புகளில், நம் ஊர்ச் சாப்பாட்டில் செய்த ஆய்வு. தராசு காட்டாத நன்மை உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

22 பிப்ரவரி, மாலை 5.50

"எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டது, இனி இந்தப் பேச்செல்லாம் எதற்கு?"

ஊசிக்கு நான் எதிரியில்லை. தேவைப்படுபவருக்கு அது பெரிய உதவி. அந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடு பற்றிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4. ஆனால் நிறுத்திய ஒரு வருடத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆக, தொடங்குமுன் பேச வேண்டியது எவ்வளவு காலம், மாதாமாதம் செலவு யாருடையது, குமட்டலோடு பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பவை.

இன்னொன்று, குறைவது கொழுப்பு மட்டுமில்லை, தசையும் போகும். அறுபதைத் தாண்டிய நம் அம்மாக்களுக்கு ஏற்கெனவே தசை குறைவு. அரைத்தட்டு சோறும் ரசமுமாக நாள் ஓடினால் எழுந்து நிற்கவே கஷ்டமாகிவிடும். சைவம் என்றால் பருப்பு, பயறு, தயிர் இவற்றோடு தவுகுவா (கெட்டியான சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா) சேர்க்கச் சொல்கிறேன். ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும். தவுகுவாவை உதிர்த்து முட்டைப் பொரியல் மாதிரி செய்யலாம் என்று ஒரு அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள். நன்றாகவே இருக்கிறது. அதோடு நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுவது.

1 மார்ச், இரவு 10.00

நாளை நோன்பு தொடங்குகிறது. இனிப்புநீர் மருந்து நேரம், அளவு இரண்டும் மாறும். இன்னும் டாக்டரைப் பார்க்காத நோயாளிகளை நாளையே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நோன்பு வைக்கும் ஒரு அண்ணன், பாதுகாவலர், இரவு 7 முதல் காலை 7 வரை வேலை. பகலில் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். முப்பது நாளும் அவருக்கு எடை ஏறுவதில்லை, மற்ற மாதங்களில்தான் ஏறுகிறது! காரணம், நோன்பு மாதத்தில் விடிவதற்கு முன் சாப்பிட வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்கள். மற்ற மாதத்தில் அதிகாலை மூன்று மணிக்குத் திறந்திருப்பது புரோட்டாக் கடை மட்டும். அவர் மனைவிதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

கூடவே பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றும் மனைவி சொன்னார். தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினோம். சரியாகத் தூங்காத உடம்பைப் பசி ஆட்டிவைக்கும். அவரிடம் போய் நடக்கச் சொல்லி நான் இரண்டு வருடம் நச்சரித்திருக்கிறேன். நின்றுகொண்டே தூங்கிவிழும் மனிதரிடம்.

4 மார்ச், பகல் 1.10

பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட தாய்க்கு: தராசை வீட்டு நடுவில் வைக்காதீர்கள், எடையை வைத்துப் பேர் வைத்துக் கூப்பிடாதீர்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடுவது, மாதவிலக்கு நிற்பது என்று எது தெரிந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டுப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நம் பள்ளிகளில் எடை கூடிய பிள்ளைகளைத் தனிக் குழுவாக்கி உடற்பயிற்சி செய்யவைத்த, 1992-இல் தொடங்கிய 'டாஃப்' திட்டம் 2007-இல் முடிவுக்கு வந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. அவர்களில் சிலர் இன்றும் என் அறையில் தராசைப் பார்த்ததும் முகம் மாறுகிறார்கள். எண் தெரியாதபடி திரும்பி நின்று ஏறலாம் என்கிறேன். சிலர் மூன்றாவது, நாலாவது சந்திப்பில் தாங்களாகத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

9 மார்ச், இரவு 9.45

தம்பி இன்று எழுதியிருந்தார். "தண்ணி குடிச்சாலே" என்று சொன்னவரைத் திரும்பக் கூப்பிட்டு நாளைக் கதையாகக் கேட்டாராம். 40 நிமிடம் ஆனதாம், மேலாளர் கோபித்துக்கொண்டாராம். கணவர் இறந்து எட்டு மாதம். இரவில் தூக்கம் வராமல் எழுந்து அவருக்குப் பிடித்த ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுகிறாராம். தம்பி, அவருக்கு இப்போது எடைத் திட்டம் வேண்டாம். மனநல ஆலோசகரிடம் சேர்த்துவிடுங்கள், உங்கள் பேட்டையில் மூத்தோருக்கான நடவடிக்கை நிலையம் இருந்தால் கூடப் போய் அறிமுகப்படுத்துங்கள். எடையை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். மேலாளரிடம் முதல் சந்திப்புக்கு இரண்டு பேருக்கான நேரத்தை ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

16 மார்ச், இரவு 10.25

கோசோங் அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூப்பிடலாம் என்றார். வியாழக்கிழமை மதியம் போன் போட்டேன். என் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. "என்ன மிஸ்ஸி?" என்றார். நான் போட்ட கணக்கு தவறு, அவர் செய்தது எல்லாம் சரி, அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்கம்மா என்று சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குழாயை மூடினார்.

"அந்தப் பேப்பர இன்னும் வச்சிருக்கேன்" என்றார். "அதுல 68னு போட்டிருக்கீங்க. எனக்கு வரவே இல்ல. என் ஒடம்புதான் ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்."

இப்போது வேறு மருந்தகத்தில் பதிந்திருக்கிறார், வீட்டுக்குப் பக்கம். இனிப்புநீர் கட்டுக்குள் இருக்கிறதாம். தே? "கோசோங்தான். இப்ப இனிப்புப் போட்டாக் குமட்டுது." திரும்பி வரச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொன்னேன்.

போனை வைத்ததும் அவர் கோப்பைத் திறந்தேன். பழைய பதிவை அழிக்க முடியாது, கீழே சேர்க்கத்தான் முடியும். அன்றைய தேதி போட்டு இப்படிச் சேர்த்தேன்: "முந்தைய பதிவு தவறு. நோயாளி ஆலோசனையை முழுமையாகப் பின்பற்றினார். ஒரு வருடத்தில் 2.8 கிலோ குறைந்தது எதிர்பார்க்க வேண்டிய அளவே. இலக்கைத் தவறாகக் கணித்தது தாதி."